செகண்ட் ஹேண்ட் டூரிங் சைக்கிள்: வாங்குவதும் தயார்செய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பக்கமும் பையை மாட்டிக்கொண்டு நாலு நாள், பத்து நாள் என்று சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. தமிழ்நாட்டுச் சாலைகளையும் தமிழ்நாட்டு சைக்கிள் கடைகளையும் மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். என் சாய்வு என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பாகம் எவ்வளவு உசத்தி என்பதைவிட, மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் நடுவே அது உடைந்தால் சரிசெய்ய ஆளும் சாமானும் கிடைக்குமா என்றுதான் பார்ப்பேன்.

டூரிங் சைக்கிளுக்கும் மற்ற கியர் சைக்கிளுக்கும் என்ன வித்தியாசம்?

பார்த்தவுடன் பெரிதாகத் தெரியாது. டேப்பை எடுத்து கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து பின்சக்கர ஆக்சில் நடுவரை அளந்து பாருங்கள். ரேஸ் சைக்கிளில் 40, 41 செ.மீ. இருக்கும். டூரிங் சைக்கிளில் 43 முதல் 46 செ.மீ. வரை வரும். இந்த நாலைந்து சென்டிமீட்டர் குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பின்பையில் இடிக்கும்.

அடுத்தது, பின்ஆக்சில் பக்கத்திலும் முன்ஃபோர்க்கின் கீழ்முனையிலும் கேரியர், மட்கார்டு மாட்ட மரையிட்ட ஓட்டைகள். அப்புறம் 35 மி.மீ. டயராவது நுழையும் இடைவெளி, மலை ஏறும் அளவுக்குச் சின்ன கியர், சுமை தாங்கும் பின்சக்கரம். இவ்வளவும் இருந்தால், ஃப்ரேமில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் அது டூரிங் சைக்கிள்தான்.

அப்படிப்பட்ட சைக்கிள் இங்கே பழையதாகக் கிடைக்கிறதா?

டூரிங்குக்கென்றே செய்தவை அபூர்வம். சர்லி லாங் ஹால் டிரக்கர், 1983 முதல் தயாரிப்பில் வந்த ட்ரெக் 520 போன்றவை எப்போதாவது ஒன்று விலைக்கு வரும். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவர் விற்பதாக இருக்கும். அதற்காகக் காத்திருந்தால் வருஷம் ஓடிவிடும்.

நடைமுறையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, முன்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத பழைய 26 இஞ்ச் மவுண்டன் பைக். இன்னொன்று, அதைவிடப் பெரிய 700சி சக்கரம் போட்ட ஹைப்ரிட், அதாவது ரேஸ் சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவில் உள்ள ரகம். என் ஓட்டு முதலாவதற்கு. ஃப்ரேம் முரட்டுத்தனமாக இருக்கும், கியர் ஏற்கெனவே சின்னது, தடித்த டயர் போகும். மார்க்கெட்டில் இப்போது யாரும் அதை ஆசைப்பட்டுக் கேட்பதில்லை என்பதால் விலையும் இறங்கியிருக்கும்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ள மலிவு மாடல்களைத் தவிருங்கள். முன்னால் பை மாட்ட இடம் கிடையாது, கனம் வேறு. பத்து வருஷம் ஆனதில் ஸ்பிரிங்கே துருப்பிடித்து இறுகியிருக்கும்.

எங்கே தேடுவது?

ஓஎல்எக்ஸ், ஊர் சைக்கிள் குழுக்களின் வாட்ஸ்அப், அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட். மூன்றாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2020 ஊரடங்கு நேரத்தில் ஆசையாக வாங்கி, அப்புறம் தொடாமலே விட்ட சைக்கிள்கள் தூண்களுக்குப் பின்னால் காற்றிறங்கி நிற்கின்றன. வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டாலே எது யாருடையது என்று சொல்லிவிடுவார்.

200, 300, 600 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுகிறவர்களும் அடிக்கடி சைக்கிள் மாற்றுவார்கள். அவர்கள் விற்பது நன்றாக ஓடியிருக்கும், நன்றாகப் பராமரித்தும் இருக்கும். உதிரி பாகம் தேட சென்னையில் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார்.

ஸ்டீலா, அலுமினியமா?

இரண்டும் ஓடும். ஸ்டீல் என்றால் எந்த ஊரிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் உண்மை. நல்ல குரோமோலி (உறுதியான எஃகுக் கலவை) டியூபின் சுவர் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. லாரி ஷெட்டில் ஆர்க் ராடை வைத்தால் ஓட்டை விழும். கேஸ் வைத்துப் பித்தளை ஊற்றி ஒட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டும். அலுமினியத்துக்கு அந்த வழியும் கிடையாது.

ஆனால் வழியில் உடைவது பெரும்பாலும் ஃப்ரேம் அல்ல, கேரியர்தான். ஆகவே கேரியர் கட்டாயம் ஸ்டீல். ஃப்ரேம் விரிசல் இல்லாத அலுமினியமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கார்பன் ஃபோர்க் உள்ள ஹைப்ரிட்டில் முன்பை மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

என் உயரத்துக்குச் சரியான சைஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கவட்டியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாக வந்துவிடும். கால் 80 செ.மீ. என்றால் சீட் 70.6 செ.மீ. அந்த உயரத்துக்குச் சீட்டை வைத்தபின் சீட் போஸ்ட் ஃப்ரேமுக்குள் போதிய ஆழம் இருக்கிறதா பாருங்கள். போஸ்டில் குறைந்தபட்ச ஆழத்துக்கான கோடு போட்டிருப்பார்கள்.

உயரத்தைவிட நீளம்தான் ஆளைக் கொல்லும். ஹேண்டில்பார் எட்டாக்கையில் இருந்தால் இரண்டாம் நாளே கழுத்தும் உள்ளங்கையும் மரத்துப்போகும். ஒரு சைஸ் சின்ன ஃப்ரேமை ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கட்டை) மாற்றி, போஸ்ட் மாற்றிச் சமாளிக்கலாம். பெரிய ஃப்ரேமைச் சின்னதாக்க வழியில்லை. விலை சல்லிசாகக் கிடைக்கிறதே என்று பெரியதை வாங்காதீர்கள்.

விற்பவர் வீட்டு வாசலில் நின்று என்னென்ன பார்ப்பது?

ஐந்தாறு முழம் கெட்டியான நூல், 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல், ஆலன் கீ செட், டார்ச், பழைய துணி. இவை கையில் இருக்கட்டும். பகலில் போங்கள்.

முதலில் துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, ஹேண்டிலுக்குக் கீழே, கீழ்க்குழாயின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பெயிண்ட் சுருங்கியோ மெல்லிய வரப்புபோல எழும்பியோ இருந்தால் சைக்கிள் முன்பக்கமாக எதிலோ மோதியிருக்கிறது. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அப்படியே பின்ஆக்சில் உட்காரும் இடம், கிராங்க் பகுதியின் அடி, சீட் போஸ்ட் நுழையும் வாய் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழைக் கோடு தெரிந்தால் அது கீறலா விரிசலா என்று வாதம் பண்ண வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்து நூல். ஒரு முனையைப் பின்சக்கரம் மாட்டும் கொக்கியில் ஒரு பக்கம் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக்கொண்டுவந்து, மறுபக்கக் கொக்கியில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஃப்ரேம் கோணியிருக்கிறது. விற்பவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும், விலை பேசும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

சீட் போஸ்டைத் தளர்த்தி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இதற்கு மட்டும் வெட்கமே படாதீர்கள், காரணம் கீழே துரு பற்றிய பதிலில் இருக்கிறது.

முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் டொக் டொக்கென்று ஆட்டம் தெரியும். அது இறுக்கினால் சரியாகிற ஆட்டமாகக்கூட இருக்கலாம். ஆனால் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் மட்டும் பொருந்தி நின்றால் பேரிங் பால்ஸ் உட்காரும் கப்பு தேய்ந்துவிட்டது. கிராங்க் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் அச்சின் பேரிங்) எப்படி என்று தெரியும். இவை இரண்டும் மாற்றக்கூடியவைதான், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

செயினுக்கு ஸ்கேல். பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடும் இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் 1.5 மி.மீ. தள்ளிப்போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 3 மி.மீ. தள்ளியிருந்தால் பின்பல் சக்கரங்களும் சேர்ந்து போயிருக்கும்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். எல்லா கியரும் விழுகிறதா என்பது அவ்வளவு முக்கியமில்லை, அது கேபிள் வேலை. வளைவில்லாத தெருவில் கை விட்டு ஓட்டத் தெரிந்தவர் யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் ஃபோர்க்கைச் சந்தேகப்படுங்கள்.

கொஞ்சம் துரு இருக்கிறது. வாங்கலாமா?

மேல்துரு, போல்ட் துரு எல்லாம் பிரச்சினையே இல்லை. பெசன்ட் நகரிலோ ராமேஸ்வரத்திலோ பால்கனியில் கிடந்த சைக்கிளுக்கு உள்துரு இருக்கும், அதுதான் ஆபத்து. சீட் போஸ்டை உருவிவிட்டு, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் வேண்டாம்.

ஸ்டீல் ஃப்ரேமில் அலுமினிய சீட் போஸ்ட் போட்டு, கிரீஸ் வைக்காமல் உப்புக்காற்றில் வருஷக்கணக்கில் விட்டால், இரண்டு உலோகமும் வினைபுரிந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் சுத்தியலுக்கும் அசையாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் உள்ளே ரம்பத்தை விட்டு மணிக்கணக்கில் அறுத்து. சீட் உயரம் உங்களுக்கு அச்சாகப் பொருந்தினால் தவிர, போஸ்ட் இறுகிய சைக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

பில் இல்லை என்கிறார். பரவாயில்லையா?

சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது, ஆகவே பில்தான் ஒரே சான்று. பழைய சைக்கிளுக்குப் பலரிடம் பில் இருக்காது என்பதும் நிஜம். அப்படியானால் கிராங்குக்கு அடியில் குத்தியிருக்கும் ஃப்ரேம் நம்பரைப் படம் எடுத்து, விற்பவரிடம் ஒரு வெள்ளைத்தாளில் நம்பர், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் அந்த சைக்கிளோடு நிற்கும் பழைய போட்டோ ஒன்று கேட்டாலும் தப்பில்லை. நம்பரை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் திருட்டு வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்?

என் கணக்கு இது: அதே மாடலோ அதற்குச் சமமானதோ இன்று புதிதாக என்ன விலை என்று பார்த்துக்கொள்வேன். மூன்று வருஷத்துக்குள், நல்ல நிலையில் என்றால் பாதி. அதற்கு மேல் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதிலிருந்து இரண்டு டயர், செயின், கேபிள்கள், பிரேக் கட்டை, தேவைப்பட்டால் பி.பி. ஆகியவற்றின் கடை விலையைக் கழிப்பேன். விற்பவர் சேர்த்துத் தரும் ஹெல்மெட், பாட்டில், மொபைல் ஹோல்டருக்கு மதிப்பு பூஜ்யம். "ரெண்டு தடவதான் சார் ஓட்டினேன்" என்பதற்கும்.

வாங்கியாயிற்று. முதல் வேலை என்ன?

ஓவராயில். கடைக்காரர் எண்ணெய் விட்டுத் துடைத்துத் தருவதை ஓவராயில் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். சக்கர அச்சு, ஹேண்டில் கழுத்து, பி.பி. மூன்றையும் பிரித்து, பால்ஸ் மாற்றி, புது கிரீஸ் வைக்க வேண்டும். பால்ஸுக்கு ஆகும் செலவு ஒரு டீக்கும் வடைக்கும் சமம், அதைப் பழையதே போடுவதில் அர்த்தமில்லை. பி.பி. மூடிய கார்ட்ரிட்ஜ் வகையாக இருந்தால் பிரிக்க முடியாது. ஆட்டமில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

நீங்களே செய்வதானால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இடது பெடலுக்கும், வழக்கமான பி.பி.யின் வலது கப்புக்கும் மரை தலைகீழ். கடிகார முள் போகும் திசையில் சுற்றினால்தான் கழலும்.

கியர் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், பின்னால் உள்ள பெரியதையும் எண்ணுங்கள். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முடிந்தது.

கொஞ்சம் விரிவாக வேண்டுமானால்: ரேஸ் சைக்கிளில் சாதாரணமாகக் காணப்படும் 34-28 ஜோடியில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் 2.5 மீட்டர் நகர்வீர்கள். மவுண்டன் பைக்கில் வரும் 24-34 ஜோடியில் சுமார் 1.45 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதலாவதில் மணிக்கு 9 கி.மீ., இரண்டாவதில் 5 கி.மீ. சொச்சம். ஆள் 65 கிலோ, வண்டி 15, மூட்டை 20, ஆக 100 கிலோவை நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் 9 கி.மீ. வேகத்தில் இழுக்க ஏறக்குறைய 200 வாட் வேண்டும். 5 கி.மீ. என்றால் 115 வாட் போதும். முதலாவதை நம்மில் பலரால் சில நிமிடம் தாக்குப்பிடிக்க முடியும், இரண்டாவதை ஒரு மணி நேரம்கூட ஓட்டலாம். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. எண்ணிக்கை ஏற ஏற இந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும்.

பின்னால் ஏழு கியர் ஃப்ரீவீல் (பல்சக்கர அடுக்கு) உள்ள பழைய சைக்கிளில் சிறியது 14, பெரியது 28 பல் என்று இருந்தால், 14-34 மெகாரேஞ்ச் ஃப்ரீவீலுக்கு மாற்றுவது மலிவான மருந்து. ஒரு பெரிய பல் திடீரென்று தாவும், பழகிவிடும். செயின் நீளம் போதுமா என்றும், பின் டெரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கை) அந்தப் பெரிய பல்லை எட்டுமா என்றும் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

காரணம் இருக்கிறது. மூட்டையின் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குகிறது. அதிலும் செயின் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகள்தான் முதலில் போகும். அந்தக் கம்பி உடைந்தால் பல்சக்கரத்தைக் கழற்றாமல் மாற்ற முடியாது. பழைய சைக்கிள் வாங்கியவர்கள் பையிலும் லைட்டிலும் பணம் போடுவார்கள், பின்சக்கரத்தை மறந்துவிடுவார்கள். நான் வரிசையை மாற்றச் சொல்வேன். பின்சக்கரம் 36 கம்பி என்றால் நிம்மதி. 32 என்றாலும் ஒழுங்காக முறுக்கேற்றியிருந்தால் போதும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் வீணை மீட்டுவதுபோல் சுண்டிப் பாருங்கள். சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்று மட்டும் மொத்தையாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது, பக்கத்தில் உள்ளவை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன.

பெண்டு எடுப்பதில் கை தேர்ந்த ஒரு பெரியவர் எல்லா ஊரிலும் இருப்பார். பளபளப்பான ஷோரூமில் அல்ல, மார்க்கெட் பின்தெருவில். சக்கரத்தை அவரிடம் கொடுங்கள்.

இன்னொரு விஷயம், பின்பல் அடுக்கு ஃப்ரீவீலா கேசட்டா என்பது. பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கழற்றும் கருவி பொருந்தும் பள்ளம் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட், சுற்றாமல் நின்றால் மரையிட்ட ஃப்ரீவீல். ஃப்ரீவீல் வகையில் ஆக்சிலின் வலது முனை தாங்கலில்லாமல் நீண்டு நிற்பதால், மூட்டையோடு குழியில் இறங்கினால் ஆக்சில் வளையலாம், உடையவும் செய்யலாம். அதற்காக வாங்காமல் இருக்க வேண்டாம். பத்து கிலோ சுமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்சக்கரத்தையே கேசட் வகைக்கு மாற்றுங்கள்.

26 இஞ்சா, 700சியா? வழியில் எது கிடைக்கும்?

26 இஞ்ச் டியூப் ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிடைக்கும். டயரில்தான் சூட்சுமம். கடையில் "26" என்று கேட்டால் லேடீஸ் சைக்கிளுக்கான 26 x 1 3/8 டயரை எடுத்துக்கொடுப்பார்கள். அது 590 மி.மீ. ரிம்முக்கானது. மவுண்டன் பைக் ரிம் 559. மாட்டவே மாட்டாது. 700சி என்பது 622. நம் ஊர் 28 இஞ்ச் பெரிய சைக்கிள் ரிம் 635, அதுவும் இதற்குச் சேராது. ஆகவே டயரின் பக்கச்சுவரில் 37-622, 50-559 என்று போட்டிருக்கும் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அதைக் காட்டிக் கேளுங்கள்.

700சி வைத்திருப்பவர் அவசரத்துக்கு 28 இஞ்ச் டியூபைத் தடித்த டயருக்குள் மடிக்காமல் அடக்கிவிடலாம். ஆனால் ரிம்மில் உள்ள ஓட்டை ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குரிய 6.5 மி.மீ. என்றால் நம் ஊர் வால்வு நுழையாது. பைக், கார் டயர்களில் உள்ள தடித்த வால்வு இருந்தால் எந்தப் பஞ்சர் கடை கம்ப்ரஸரிலும் காற்று பிடிக்கலாம். பிரெஸ்டா என்றால் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி, ஒன்றை பர்ஸிலும் ஒன்றை டூல் பையிலும் போடுங்கள். கடுகு டப்பா மூடிபோல உருண்டு ஓடிவிடும் சாமான் அது.

பஞ்சருக்கு என்ன வழி?

எதிரிகள் மூவர்: சாலையோர மண்ணில் நெருஞ்சி முள், ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல முள், நெடுஞ்சாலை ஓரங்களில் வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய கம்பி. மூன்றாவதுதான் மோசம். கண்ணுக்கே தெரியாது, டயருக்குள்ளேயே இருந்துகொண்டு புது டியூபையும் குத்தும். பஞ்சர் ஒட்டுமுன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றிலும் துடையுங்கள், கம்பி இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவினால் விரல் கிழியும்.

ஷ்வால்பே மாரத்தான் போன்ற டூரிங் டயர்களில் உள்ளே தடித்த பாதுகாப்புப் பட்டை இருக்கும். விலை கசக்கும், கனமும் அதிகம். ஆனால் முழு பட்ஜெட்டில் புதுசாக வாங்க வேண்டிய ஒரே பொருள் எது என்று கேட்டால் பின்டயர் என்றுதான் சொல்வேன். ஆசைப்பட்டு ஓட்டலில் சாப்பிடத் தார்ச்சாலையைவிட்டு இறங்கும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். நெருஞ்சி பெரும்பாலும் அந்த ஐந்தடி மண்ணில்தான் இருக்கிறது.

டிஸ்க் பிரேக் அவசியமா?

அவசியமில்லை. ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் நல்ல வி-பிரேக் போதும், கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். டிஸ்க் என்றால் கேபிளில் இயங்குவது. ஆயில் டிஸ்க் அருமையாகப் பிடிக்கும், ஆனால் ஆயில் கசிந்தால் கம்பத்திலோ கமுதியிலோ யாரைப் பிடிப்பீர்கள்?

கேரியரும் பையும்?

மலிவு கேரியரில் சீட் போஸ்டை மட்டும் கவ்விக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் வகை ஒன்று உண்டு. அது லஞ்ச் பாக்ஸுக்கு. இரண்டு காலும் ஆக்சில் பக்கம் இறங்கி போல்ட்டில் உட்காரும் கேரியர்தான் வேண்டும். போல்ட் பொதுவாக எம்5, அதாவது 5 மி.மீ. தடிமன். பூட்டுநட் போடுங்கள், நட் கிடைக்காவிட்டால் மரையில் கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவி இறுக்குங்கள். ஃப்ரேமில் ஓட்டை இல்லையென்றால் பி வடிவ உலோகக் கவ்விக்குள் பழைய டியூப் துண்டைச் சுற்றி ஃப்ரேம் குழாயில் மாட்டலாம்.

ஓர்ட்லீப் போன்ற நீர்புகாப் பைகள் நல்லவை, பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் இரண்டு வழி. ஒன்று, தார்ப்பாய், ரெக்சின் தைக்கிற கடையில் அளவு கொடுத்துத் தைக்கச் சொல்லலாம். லாரி தார்ப்பாய்த் துணியில் தைத்த பை வடகிழக்குப் பருவமழையை நன்றாகவே தாங்கும். இன்னொன்று, மூடியுள்ள பெயிண்ட் வாளி. சதுர வாளியானால் இன்னும் நல்லது. முதுகுப் பக்கம் அலுமினியப் பட்டையும் இரண்டு கொக்கியும் போல்ட் செய்து கேரியரில் தொங்கவிடலாம். உள்ளே தண்ணீர் போகாது, இரவில் உட்கார ஸ்டூல் ஆகும், திருடனுக்கும் ஆசை வராது.

வாளியோ பையோ, எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழேயும் முன்னேயும் தொங்கட்டும். கனமான சாமான் அடியில். கூடாரம், பாய் போன்ற லேசானவை மேலே, பழைய டியூபைக் கிழித்த பட்டையால் இறுக்கிக் கட்டியது. டியூப் பட்டைக்கு இணையான கயிறு இன்னும் கடைக்கு வரவில்லை. முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். மே மாதத்தில் அரை மணி நேரம் முயன்று பாருங்கள்.

சீட்டில் உட்கார்ந்தால் வலிக்கிறது. மெத்தையானது வாங்கலாமா?

வேண்டாம். மெத்தை அமுங்கி, பக்கவாட்டில் எழும்பி, எலும்பு இல்லாத இடத்தை அழுத்தும். இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிற, ஓரளவு கெட்டியான சீட்தான் நீண்ட தூரத்துக்குச் சரி. ப்ரூக்ஸ் பி17 போன்ற தோல் சீட்டுக்கு விசுவாசிகள் அதிகம். நம் மழைக்கும் வியர்வைக்கும் அதற்கு உறை போட்டுப் பாதுகாக்கப் பொறுமை வேண்டும். எதை வாங்கினாலும் முதலில் சீட்டை மட்டமாக வையுங்கள், பாதி வலி அதிலேயே போகும்.

ஹேண்டில்பாரை வளைந்த ரேஸ் ஹேண்டிலாக மாற்றலாமா?

மவுண்டன் பைக்கில் மாற்றினால் பிரேக் லீவர், கியர் லீவர் எல்லாம் மாறும். செலவுக்குத் தகாது. கை வைக்க வேறு வேறு இடம் இருந்தால் போதும், அதற்கு நேர் ஹேண்டிலின் முனையில் கொம்பு மாட்டினாலே ஆயிற்று. ஆனால் குனிந்து ஓட்டும் வசதி வீண் ஆடம்பரம் அல்ல. ஜூலையில் பல்லடத்திலிருந்து கோவை நோக்கியோ, காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல் வழியாக நாகர்கோவில் நோக்கியோ ஓட்டிப் பாருங்கள். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. அந்த மாதங்களில் மேற்கிலிருந்து கிழக்கே வரும்படி பாதையை அமைத்துக்கொள்வது எந்த ஹேண்டிலைவிடவும் மலிவு.

லைட், மட்கார்டு?

இரண்டும் வேண்டும். பின்னால் சிவப்பு லைட் பகலிலும் எரியட்டும். யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லைட் போதும். டயரில் உரசும் பழைய டைனமோ எதிர்காற்றில் உயிரை வாங்கும். லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடும் காலம் போய்விட்டது, இப்போது பிடிப்பது மணல் லாரி.

என்ன டூல்ஸ், என்ன ஸ்பேர்?

டியூப் இரண்டு, பஞ்சர் செட், பம்ப், டயர் லீவர், ஆலன் கீ, செயின் கட்டர், ஒரு செயின் ஜாயின்ட் லிங்க், உங்கள் சக்கரத்துக்கு அளந்து வெட்டிய ஸ்போக்ஸ் கம்பி நாலு, அவற்றை முறுக்கும் சாவி, பின் கியர் கேபிள் ஒன்று, எம்5 போல்ட் நாலைந்து, கேபிள் டை, ஒரு பழைய டயர் துண்டு. கடைசியாகச் சொன்னது டயர் கிழிந்தால் உள்ளே வைக்க. ஃப்ரீவீலோ கேசட்டோ, அதைக் கழற்றும் கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஸ்பேனர் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும், இந்தச் சின்ன மூக்கு இருக்காது.

வீட்டில் இருக்கும் பழைய பெரிய சைக்கிளிலேயே போக முடியாதா?

தாராளமாக. 28 இஞ்ச் ஒற்றை கியர் சைக்கிளில் நெல் மூட்டை ஏற்றிய ஊர் இது. கேரியர், மட்கார்டு, ஸ்டாண்ட், செயின் கார்டு எல்லாம் பிறந்தபோதே உண்டு, எந்தப் பெட்டிக்கடை ஓரத்திலும் ஸ்பேர் கிடைக்கும். தஞ்சை, நாகை டெல்டாவுக்கும் கடற்கரைக்கும் அதுவே போதும். பின்பல்லை இரண்டு மூன்று பல் பெரிதாக மாற்றினால் மிதி லேசாகும். இரும்புக்கம்பி வைத்த பிரேக் மழையில் பிடிக்காது, ஆகவே மலைப்பக்கம் வேண்டாம். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளுக்கும் இதே பதில்தான், சைஸ் மட்டும் உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

ரயிலில், பஸ்ஸில் கொண்டுபோக முடியுமா?

ரயிலில் டிக்கெட்டைக் காட்டிப் பார்சல் ஆபீஸில் லக்கேஜாகப் புக் செய்யலாம். நேரத்தோடு போங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, டெரெய்லரைச் சுற்றி அட்டை கட்டுங்கள், பெயரும் ஃபோன் நம்பரும் ஊரும் பெரிதாக எழுதுங்கள். ஓரிரு நிமிடமே வண்டி நிற்கும் சிறு ஸ்டேஷனுக்குப் பொதுவாக ஏற்க மாட்டார்கள், அடுத்த பெரிய ஜங்ஷனில் இறங்கி ஓட்டிக்கொள்ளலாம். ஆம்னி பஸ்ஸில் எல்லாம் டிரைவர், கிளீனர் மனசும் டிக்கியில் உள்ள இடமும்.

சுமையோடு முதலில் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஒரு ராத்திரி தங்கி வரும் தூரம். சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம், மதுரைக்காரர்களுக்கு நத்தம் பக்கம், கோவைக்காரர்களுக்கு ஆழியார் அடிவாரம். ஊருக்குப் போவதுபோலவே எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கேரியர் போல்ட், கிராங்க் போல்ட் எல்லாவற்றையும் இறுக்கி, பின்சக்கரத்தை மறுபடி பெண்டு பார்க்கக் கொடுங்கள். புதிதாகக் கம்பி மாற்றிய சக்கரம் முதல் சுமையில் கொஞ்சம் தளரும், அது கோளாறு அல்ல.

இவ்வளவு செலவு செய்தபின் விற்றால் போட்ட பணம் வருமா?

வராது. கேரியர், பை, லைட், நல்ல டயர் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக விற்றால் ஓரளவு தேறும். சைக்கிளோடு சேர்த்து விற்றால், வாங்க வருபவர் அவற்றுக்கு நீங்கள் போட்ட அதே பூஜ்யத்தைத்தான் போடுவார்.